ஏழு மணி நான்கு நிமிடம்

இந்தத் தொழிலுக்கு வந்து ஆறு மாதம் ஆனதும் உங்களுக்கு ஒரு வியாதி பிடிக்கும். யாரையும் நம்ப மாட்டீர்கள். "நான் ஒண்ணுமே பண்ணல, தானா நின்னு போச்சு" என்று நூறு பேர் சொல்லக் கேட்டபின், அடுத்த ஆள் வாயைத் திறக்கும் முன்பே பொய் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். எனக்கு அந்த வியாதி முப்பது வருடத்துக்கு மேல் இருந்தது. அதைத்தான் என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன ஆபீஸ்களுக்குக் கணினி பார்த்துக்கொடுப்பது என் வேலையாக இருந்தது. மும்பையில், செம்பூரில் வீடு. தாராவி, சயான், மாட்டுங்கா, விக்ரோலி என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எந்த ஒயரை எங்கே சொருகுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி உங்கள் பொழுதைக் கெடுக்கப்போவதில்லை. ஒரு பெண்ணின் வேலையை நான் எப்படிக் காலி செய்யப் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தாராவியில் தோல் பை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு சிறிய இடம். கீழே பட்டறை, மேலே ஆபீஸ். ஐந்து கணினிகள், மூலையில் ஒரு சர்வர். பைகளின் டிசைன், வெட்டும் அளவு, சாம்பிள் படம் எல்லாம் அந்தச் சர்வரில் ஒரு பொது டிரைவில் கிடக்கும். அவரவர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டால்தான் திறக்கும். முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். சந்தேகத்தில் எனக்கும் அவர் அண்ணன்தான். பட்டறை ஆள் டீ குடிக்கப் போனாலும் எந்தக் கடைக்கு, யாரோடு என்று கேட்பார். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. சர்வரை இன்டர்நெட் பக்கமே போகவிடாமல் தனியாகக் கட்டிவைக்க யோசனை சொன்னவன் நான். வெளியாள் எவனும் எட்டிப் பார்க்க முடியாது என்று அவருக்கு ஏக சந்தோஷம்.

டிசைன் படங்களைப் பார்த்துக்கொண்டவள் ஜெசிந்தா. சீத்தா கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து வருவாள். பதினோரு வருடமாக அதே நாற்காலி. அவள் சம்பளத்தில்தான் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். நான் போனால், "வாங்கண்ணே" என்று சொல்லி டப்பாவிலிருந்து முறுக்கோ கடலையோ எடுத்து நீட்டுவாள். அவள் கணினி மட்டும் புதிது. கடைக்காரரே எல்லாம் போட்டுக் கொடுத்தது. நான் சர்வரோடு இணைத்ததோடு சரி, வேறெதையும் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் மூடியபின், சர்வருக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியை மாற்றினேன். அது செத்துப்போனால் சர்வருக்கு நேரம் மறந்துவிடும். மேசைக்கடியில் குனிந்து, ஃபோனை டார்ச்சாக வாயில் கவ்விக்கொண்டு பேட்டரியைச் செருகினேன். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை வைத்துவிட்டு எழுந்தேன். பத்து நிமிட வேலை.

திங்கட்கிழமை காலையில் ஜெசிந்தா ஃபோன் செய்தாள்.

"அண்ணே, டிரைவ் திறக்க மாட்டேங்குது. நேரம் பத்தி என்னமோ எழுதிக் காட்டுது."

"பாஸ்வேர்டு ஒழுங்காப் போட்டியா?"

"போட்டேண்ணே. பாஸ்வேர்டுன்னு எழுதல. நேரம்னுதான் எழுதுது."

"சரி சரி, நாளைக்கு வாறேன்" என்றேன். பாஸ்வேர்டை மறந்தவர்கள் சொல்லும் கதைகளில் ஒன்று என்று அப்போதே மனசுக்குள் முத்திரை குத்திவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் நேரம் பற்றித்தான் எழுதியிருந்தது. சர்வர் நேரத்துக்கும் கணினி நேரத்துக்கும் ஐந்து நிமிடத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால் சர்வர் உள்ளே விடாது. அவள் கணினி ஒன்பது நிமிடம் பின்னால் இருந்தது. என் கையைப் பார்த்தேன். என் கடிகாரமும் சர்வரும் ஒரே நேரம் காட்டின. மற்ற நான்கு கணினிகளும் அதே நேரம். ஆறு சாட்சிகள் ஒரு பக்கம், அவள் கணினி தனியாக ஒரு பக்கம். அவள் கணினியைத் திருத்தி வைத்தேன். டிரைவ் உடனே திறந்தது.

"நேரத்தைத் தொட்டியாம்மா?"

"நான் எதுக்குண்ணே தொடுதேன்?"

புதன்கிழமை காலை மறுபடி ஃபோன். அவளையே திரையில் இருக்கும் நேரத்தைப் படிக்கச் சொல்லி என் கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். மறுபடி ஒன்பது நிமிடம் பின்னால். இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. பழுதான கடிகாரம் ஒருநாள் இரண்டு நிமிடம் தவறும், மறுநாள் நான்கு நிமிடம் தவறும். தினமும் கச்சிதமாக ஒன்பது நிமிடம் தவறினால் அது பழுது இல்லை, யாரோ கை வைக்கிறார்கள். அந்தக் கணினியில் உட்காருபவள் அவள் ஒருத்திதான். ஆக, அவள்தான். ஏன் செய்கிறாள் என்பது மட்டும்தான் பாக்கி.

வியாழக்கிழமை அண்ணாச்சி கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார். பக்கத்துச் சந்துப் பட்டறையில் ஒரு பை தொங்கியது.

"நம்ம பை வே. மூடி அப்படியே, வளையம் அப்படியே. நாம சாம்பிளே இன்னும் அனுப்பல. அவன் மாட்டி வச்சிருக்கான்."

"எப்ப பாத்தீங்க?"

"இன்னைக்கி காலையில. அந்த டிசைனை யாரு தொறந்தான்னு உம்ம மிசினு சொல்லுமா, சொல்லாதா?"

சொல்லும். பொது டிரைவில் யார் எந்தக் கோப்பை எப்போது திறந்தாலும் சர்வர் எழுதி வைத்துக்கொள்ளும். அச்சடித்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை மாலை ஏழு மணி நான்கு நிமிடத்துக்கு ஜெசிந்தாவின் பெயரில், ஜெசிந்தாவின் கணினியிலிருந்து, அந்த டிசைன் திறக்கப்பட்டிருந்தது. அண்ணாச்சி மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். வாசலில் விரல் வைக்கும் வருகைப் பதிவு மெஷினின் தாள். ஜெசிந்தா அன்று ஆறு ஐம்பத்தெட்டுக்கு விரல் வைத்துவிட்டு வெளியே போயிருந்தாள்.

"ஆறு அம்பத்தெட்டுக்குப் போயிட்டா. ஏழு நாலுக்கு அவ பேருல எவன் உள்ள வந்தான்?"

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. மூன்று நாளாக நான் தேடிக்கொண்டிருந்த 'ஏன்' கிடைத்துவிட்டது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. சர்வருக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு எண்ணும் உண்டு. எல்லாரும் பெயர் வழியாகத்தான் டிரைவுக்குப் போவார்கள். எண் வழியாகப் போனால் சர்வர் நேரத்தை ஒப்பிடாது, பாஸ்வேர்டு சரியென்றால் விட்டுவிடும். திங்கட்கிழமை முழுக்க ஜெசிந்தா எண் வழியாகவே போயிருந்தாள். ஆபீஸில் யாருக்கும் தெரியாத கொல்லை வாசல் இவளுக்கு எப்படித் தெரிந்தது?

அவளிடமே கேட்டிருக்கலாம். எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று கேட்கவில்லை. சந்தேகப்படுகிறவன் எல்லாவற்றையும் துருவுவான், ஆளிடம் மட்டும் கேட்கமாட்டான்.

பதிவைக் குழப்ப நேரத்தை மாற்றுவது, கொல்லை வாசல், பாஸ்வேர்டை வெளியே கொடுத்திருப்பது எல்லாவற்றையும் கோர்த்து அண்ணாச்சிக்கு விளக்கினேன். அவருக்கே கொஞ்சம் தயக்கம்.

"பதினோரு வருசம் வே. ஒரு சின்ன ஊக்கு எடுத்துட்டுப் போனது கெடையாது."

"பதிவு பொய் சொல்லாது அண்ணாச்சி" என்றேன்.

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சனிக்கெழம அனுப்பிருதேன்" என்றார். டிசைன் விற்றாள் என்று பெயர் கெட்டால் அந்தச் சந்துகளில் அவளுக்கு இன்னொரு இடத்தில் வேலை கிடைக்காது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். தோல் வேலையில் செய்தி அத்தனை வேகமாகப் போகும்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு என்னை வரச்சொல்லியிருந்தார். அவளிடம் சொல்லுமுன் அவள் பெயரைச் சர்வரில் பூட்டவேண்டும். அண்ணாச்சியின் அறையில் உட்கார்ந்து பூட்டினேன். வெளியே வந்தபோது ஜெசிந்தா தலையைத் தூக்கினாள்.

"அண்ணே, இன்னைக்கி நம்பரைப் போட்டாலும் திறக்க மாட்டேங்குதே. திங்கக்கெழம சாம்பிள் போவணும். கொஞ்சம் பாருங்களேன்."

"பாக்கேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டேன். இந்தத் தொழிலில் நான் சொன்ன பொய்களில் இன்றும் என்னைக் குத்துவது அதுதான்.

அடுத்து விக்ரோலியில் ஒரு வேலை இருந்தது. சயான் ஸ்டேஷனுக்கு நடந்து வந்து பிளாட்பாரத்தில் நின்றேன். பன்னிரண்டு நாற்பத்தொன்று ஸ்லோ வண்டி. கையைப் பார்த்தேன், பன்னிரண்டு நாற்பத்தேழு. அவசரமே படவில்லை. இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது என்று ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

உங்களில் மும்பைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் ரயிலை நம்பிப் பிழைப்பவன் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்துத்தான் கட்டுவான். ஒருவன் ஐந்து நிமிடம், ஒருவன் பத்து நிமிடம். நான் ஒன்பது. முதல் வேலைக்குப் போன நாட்களில் தினமும் வண்டியைத் தவறவிட்டு வைத்தது. அது முன்னால் ஓடுகிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பிளாட்பாரத்தில் நின்றால் மட்டும் மனசு தானாக ஒன்பதைக் கழித்துக்கொள்ளும்.

தலைக்கு மேலே ரயில்வே கடிகாரத்தில் பன்னிரண்டு முப்பத்தெட்டு. என் கையில் பன்னிரண்டு நாற்பத்தேழு.

ஒன்பது நிமிடம்.

சர்வருக்கு நேரம் வைத்தது இந்தக் கடிகாரத்தைப் பார்த்து. சர்வரைப் பார்த்து மற்ற நான்கு கணினிகளும் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டன. புதுக் கணினி மட்டும் கடைக்காரர் வைத்துக்கொடுத்தபடி இன்டர்நெட்டிலிருந்து தினமும் சரியான நேரத்தை எடுத்துக்கொண்டது. நான் அதைத் தப்பாக மாற்றினேன், அது காலையில் தன்னைச் சரி செய்துகொண்டது. நான் எண்ணிய ஆறு சாட்சிகளும் ஒரே சாட்சிதான், என் மணிக்கட்டு. ஏழு மணி நான்கு நிமிடத்தில் ஒன்பதைக் கழியுங்கள். ஆறு ஐம்பத்தைந்து. வாசல் மெஷின் சர்வரோடு சேராதது, அதன் நேரம் சரி. விரல் வைப்பதற்கு மூன்று நிமிடம் முன்னால், தன் நாற்காலியில் உட்கார்ந்து தன் வேலையை முடித்திருக்கிறாள்.

வண்டி வந்தது, போனது. நான் திரும்பி ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் தாராவிச் சந்துக்குள் ஓடுவது அழகாக இருக்காது. அண்ணாச்சிக்கு ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை.

மாடிக்கு ஏறியபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. ஜெசிந்தா வாசலில் நின்றாள். கையில் டிபன் பை, தண்ணீர் பாட்டில், மேசையில் வைத்திருந்த மாதா படம். அண்ணாச்சி விரல் மெஷினில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தார். அவள் விரலை அதிலிருந்து அழித்துக்கொண்டிருந்தார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, நிறுத்துங்க. சர்வர் நேரம் தப்பு. ஒம்பது நிமிஷம் முன்னால ஓடுது. அவ திறந்தது ஏழு நாலுக்கு இல்ல, ஆறு அம்பத்தஞ்சுக்கு."

அவர் என்னையும் தன் ஃபோனையும் பார்த்தார். மூலைக்குப் போய்ச் சர்வர் திரையைப் பார்த்தார்.

"எப்படி வே தப்பாச்சு?"

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். என் வாயில் வந்தது இதுதான்: "பேட்டரி மாத்தினோம்லா, அதுல ஏதோ..." பொய் இல்லை. பேட்டரி மாற்றியது உண்மை. அதோடு நிறுத்தியிருந்தால் பழி பேட்டரிமேல் போயிருக்கும், என் வருடாந்திர ஒப்பந்தமும் தப்பித்திருக்கும்.

பக்கத்து மேசையிலிருந்து ஷிண்டே பேசினார். பார்சல் அனுப்பும் வேலை அவருடையது. கல்யாணிலிருந்து ரயிலில் வருகிறவர். தாராவியில் இருபது வருடம் இருந்ததில் தமிழ் புரியும், பேசுவது இந்தியில். "சோம்வார் ஸே ஹி ஆகே ஹை. முஜே லகா கிஸி நே ட்ரெய்ன் கே லியே கியா." திங்கட்கிழமையிலிருந்தே தன் கணினியும் முன்னால்தான் ஓடுகிறதாம். யாரோ வண்டியைப் பிடிக்க வசதியாக வைத்திருக்கிறார்கள், நல்லதுதானே என்று விட்டுவிட்டாராம். வேறு ஊராக இருந்தால் எவனாவது கேட்டிருப்பான்.

ட்ரெய்ன் என்றதும் ஜெசிந்தா என் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு தன் ஃபோனைப் பார்த்தாள். மறுபடி என் மணிக்கட்டு. அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடிகாரத்தைக் கழற்றி அண்ணாச்சி மேசையில் வைத்தேன். "இதைப் பாத்துதான் வச்சேன் அண்ணாச்சி. இது ஒம்பது நிமிஷம் முன்னால. தப்பு என்னோடது. அவ கம்ப்யூட்டர் ஒண்ணுதான் சரியான நேரம் காட்டிச்சு. அதைத்தான் நான் மாத்திட்டே இருந்தேன்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ஊர்ல உள்ளவன் கம்ப்யூட்டரையெல்லாம் நோண்டிப் பாக்குதீரு. கையில கெட்டியிருக்கத ஒரு தடவ பாக்கலையா வே?" என்றார்.

ஜெசிந்தாவின் விரலை மெஷினில் மறுபடி பதிய வேண்டியிருந்தது. மூன்று தடவை அழுத்தச் சொல்லும். ஈரமாக இருந்ததால் மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து வைத்தாள். ஐந்தாவது தடவைதான் பச்சை விளக்கு எரிந்தது. அதுவரை நாங்கள் இரண்டு ஆண்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

டிசைன் எப்படிப் போனது என்று கேட்பீர்கள். இரண்டு வாரத்தில் அதுவும் தெரிந்தது. தோலை வெட்ட இரும்புப் பட்டையை வளைத்து அச்சு செய்து தரும் ஆள் ஒருவர். அந்தப் பகுதியில் பாதிப் பட்டறைக்கு அவர்தான். எங்கள் பையின் அளவு அட்டையை வேலை முடிந்ததும் கடை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அளந்தும் போகலாம். சர்வரைச் சுற்றி நானும் அண்ணாச்சியும் கோட்டை கட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் டிசைன் தெருவில் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அச்சுக்காரரை மாற்றினார். என்னை மாற்றவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, எல்லாம் முடிந்து இறங்கும்போது, படிக்கட்டில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"திங்கக்கெழமையே சொன்னேம்லா, நேரம்னு எழுதுதுன்னு."

"சொன்ன."

"அந்த நம்பரு நீங்க குடுத்ததுதான். ஊரடங்கு சமயத்துல நீங்க வர முடியாதப்ப டிரைவ் திறக்கலன்னு ஃபோன் பண்ணினேன். இதப் போட்டுப் பாருன்னு நீங்கதான் சொன்னிய. எழுதி வச்சிருந்தேன்." டிபன் பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள். எண்ணுக்கு மேலே 'அண்ணன் சொன்னது' என்று எழுதியிருந்தது.

எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார்" என்றாள்.

பதினோரு வருடத்தில் அவள் என்னைச் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய உபதேசம் எதுவும் இல்லை. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்பவரை முதலில் நம்புங்கள். அவர்கள் உங்களுக்கு முன்னால் அதைப் பார்த்தவர்கள். பதிவு பொய் சொல்லாதுதான். ஆனால் அதற்கு நேரம் சொல்லிக்கொடுத்தவன் யார் என்று கேளுங்கள். ஒருத்தர்மேல் சந்தேகம் வந்து, எல்லாத் துப்பும் அழகாகப் பொருந்தி, உங்களுக்குச் சந்தோஷமாக இருந்தால், அங்கேயே நின்றுவிடுங்கள். எனக்கு அந்தச் சந்தோஷம் வந்தபோது நான் நிற்கவில்லை.

அதன்பின் மூன்று வருடம் அந்த ஆபீஸுக்குப் போனேன். என் கடிகாரம் இப்போது சரியான நேரம் காட்டுகிறது. அதனால் நிறைய வண்டியைத் தவறவிட்டிருக்கிறேன். ஜெசிந்தா அதே நாற்காலியில்தான் இருந்தாள். ஆனால் தினமும் கிளம்புமுன், கணினித் திரையில் ஓடும் நேரத்தை ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்வாள். விரல் வைத்ததும் அந்த மெஷினையும் ஒரு படம். வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லிப் பார்த்தார். நான் சொல்லவில்லை. என்னை நம்பு என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருந்தது?

ஓய்வு பெறும் மாதம், எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளப் போனேன். அண்ணாச்சி ஒரு தோல் பை கொடுத்தார். ஷிண்டே கட்டிப்பிடித்தார். ஜெசிந்தா கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் மேசைப் பக்கம் போய் நின்றேன்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள். ஃபோனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தாள். நேரம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று விரித்துப் பார்த்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.